கண்டுபிடித்தவர் சாப்பிட வருகிறார்

ஒவ்வொரு சாப்பாட்டுக் கடைக்கும் இரண்டு சொந்தக்காரர்கள் உண்டு. ஒருவர் அதைத் திறந்தவர். மற்றவர் அதைக் கண்டுபிடித்தவர். திறந்தவருக்கு விடியற்காலையில் அடுப்பு, மாதம் பிறந்தால் வாடகை, எப்போதும் கால்வலி. கண்டுபிடித்தவருக்கு இந்த உபத்திரவங்கள் எதுவும் இல்லை. பெருமை மட்டும் முழுக்க முழுக்க அவருடையது. நான் எழுத வந்தது இந்த இரண்டாமவரைப் பற்றி.

பல்கலைக்கழகம் எங்கே உண்டோ அங்கே அவர் உண்டு. இதில் வியக்க ஒன்றுமில்லை. தெருப் பெயர்கூடத் தெரியாத புதிய முகங்களை ஆண்டுதோறும் கூட்டம் கூட்டமாக, அதுவும் பசியோடு, வாசலில் கொண்டுவந்து இறக்குகிற இடம் வேறு எது? தூண்டில் வைத்திருப்பவர் குளக்கரையில் வீடு பார்ப்பது இயற்கைதானே?

எங்கள் வளாகத்தில் அவர் பொருளாதாரத் துறை விரிவுரையாளராக இருக்கிறார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலுக்கு வெளியே அதை யாரும் பயன்படுத்துவதில்லை. திசைகாட்டி என்றால்தான் தெரியும். நான் நூலகத்தின் அடித்தளத்தில், பிய்ந்துபோன புத்தகங்களைத் தைத்து அட்டை கட்டுகிறவன். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே கற்றவன். அவற்றிலிருந்து நான் கற்ற முதல் பாடம், ஆதாரமில்லாமல் எதையும் எழுதக்கூடாது என்பது. கீழே வருவனவற்றுக்கெல்லாம் என்னிடம் தாள் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் காட்டப்படும்.

முதலில், அவரை எப்படி அடையாளம் காண்பது?

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மேசையின் இழுப்பறை இன்னும் சரியாகத் திறக்கப் பழகியிருக்காது. அவர் வந்து நாற்காலியின் முதுகில் கை வைத்து, காலநிலையை விசாரிப்பதுபோல ஒரு கேள்வி கேட்பார்.

"மதியம் எங்க சாப்பிடறீங்க?"

நீங்கள் வெள்ளை மனத்தோடு, "கேன்டீன்லதான் சார்" என்பீர்கள்.

அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஊடுகதிர்ப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்து யாராவது கூட வந்திருக்கிறார்களா என்று கேட்கும் மருத்துவரின் முகம் அது.

"கேன்டீனா... சரி, பரவாயில்ல. தெரியாதவங்க அங்கதான் போவாங்க."

"கேட்டுக்கு எதிர்ல ஒரு கடை இருக்கே சார், அது எப்படி?"

"அதுவா? கை கழுவறதுக்கு நல்ல இடம்."

அவ்வளவுதான், நீங்கள் அவருடையவர். இனி உங்கள் நாக்குக்கு நீங்கள் பொறுப்பில்லை.

அழைத்துப் போகும் விதத்தில் ஒரு முறைமை இருக்கிறது. பிரதான வாயில் வழியாக அவர் ஒருபோதும் வெளியேறமாட்டார். ஆய்வுக்கூடத்தின் பின்னால், மிதிவண்டிகள் துருப்பிடிக்கிற கொட்டகையைத் தாண்டி, இரும்புக் கம்பி ஒன்று வளைந்திருக்கிற வேலியின் இடைவெளியில் உடம்பைச் சாய்த்து நுழைந்து, நகலெடுக்கும் கடைகளையும் சலவைக்கடையையும் ஏறிட்டும் பாராமல், உங்களுக்கு இரண்டடி முன்னால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு தலைவரைப் போல நடப்பார். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், "வந்தாச்சு" என்பார். வந்திருக்கமாட்டீர்கள். சாலை வழியாக வந்தால் பாதி நேரத்தில் வந்துவிடலாமே என்று யாரும் கேட்கக்கூடாது. ஒருவர் கேட்டார். அவர் இப்போது கேன்டீனில் சாப்பிடுகிறார்.

கடைக்குள் நுழைந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, உணவுப் பட்டியல் அட்டையை உங்கள் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைப்பது. "இதெல்லாம் வெளியாளுங்களுக்கு." இரண்டாவது வேலை, கடைக்காரரின் தோளில் கைபோட்டு, "அண்ணே, நம்ம ஆளுங்க. பாத்துச் செய்ங்க" என்பது. அண்ணன் என்றாரே ஒழிய, அப்படிச் சொல்லும்போது அவர் கண் அண்ணன்மேல் இருக்காது. உங்கள்மேல் இருக்கும். தமக்கு அங்கே இருக்கும் செல்வாக்கு உங்கள் முகத்தில் எப்படிப் பதிகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ஒரு விவரத்தை வாசகர் மறக்காமல் வைத்திருக்க வேண்டும், பின்னால் தேவைப்படும்.

பிறகு சாப்பாடு வரும். அவர் தமது தட்டைத் தொடமாட்டார். நீங்கள் முதல் வாய் எடுத்து வைக்கும்வரை முழங்கைகளை மேசையில் ஊன்றி, மூச்சை அடக்கி, உங்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். சூடு பொறுக்காமல் உங்கள் கண்ணில் நீர் வரும். அவர் அதை ஆனந்தக் கண்ணீராக ஏற்றுக்கொள்வார்.

"எப்படி?"

"நல்லா... இருக்கு சார்."

"நான் சொல்லல?"

இந்த "நான் சொல்லல?"தான் அவருடைய உண்மையான சாப்பாடு. தட்டில் இருப்பது தொட்டுக்கொள்ள.

இதுவரை பொதுவான இலக்கணம். இனி வழக்கு.

நூலகத்துக்குப் பின்புறத் தெருவில் ஒரு கணவனும் மனைவியும் சிறிய கடை ஒன்று நடத்திவந்தார்கள். சூப், ரொட்டி, முட்டை, தேநீர். அவ்வளவுதான் உணவுப் பட்டியல். கணவர் பரிமாறுவார். மனைவி உள்ளே சமையலறையில் இருப்பார். நடுச்சுவரில் இருந்த சிறு சதுரத் திறப்பு வழியாகக் கிண்ணங்கள் வெளியே வரும், அதட்டல்களும் வரும். அங்கே சன்னலோரத்தில் ஒற்றை ஆள் அமரும் ஒரு மேசை எனக்கு வாய்த்திருந்தது. நான் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு சாப்பிடுவேன். நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ரொட்டியின் காய்ந்த ஓரம் எனக்குப் பிடிக்கும் என்று அந்தம்மா தாமாகவே கவனித்து, அதைத் தனியாக எடுத்துவைத்து அனுப்புவார். அந்தக் கடையைப் பற்றி நான் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை.

ஒருநாள் பெருமழை. திசைகாட்டி அந்தக் கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினார். மழை விடவில்லை, வேறு வழியின்றி உள்ளே வந்து ஒரு சூப் குடித்தார். மழைக்கு ஒதுங்கிய இந்த நிகழ்ச்சியைப் பின்னாளில் அவர் "நீண்ட காலத் தேடல்" என்று குறிப்பிட்டார். அன்று மாலையே ஆசிரியர்களும் அலுவலர்களும் இருக்கும் கைப்பேசிக் குழுவில் ஒரு செய்தி வந்தது: "கண்டுபிடித்துவிட்டேன். இப்படி ஒரு சூப் இந்த வட்டாரத்திலேயே கிடையாது. இத்தனை நாள் எங்கே இருந்தது?"

இத்தனை நாளும் அங்கேதான் இருந்தது. அந்தச் செய்தியை அச்செடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து படையெடுப்பு. பொருளாதாரம் வந்தது, வரலாறு வந்தது, கணிதம் தன் விருந்தினர்களோடு வந்தது. என் மேசையை இன்னொரு மேசையோடு சேர்த்து ஒட்டினார்கள். என்னைக் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலிக்கு மாற்றினார்கள். அங்கே உட்கார்ந்து புத்தகம் படித்தால் பக்கத்துக்கு இரண்டு முறை தண்ணீர் தெறிக்கும். நூலைக் காப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு உண்டா? ஆனாலும் நான் பொறுத்தேன். கடைக்காரர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு இருந்தது.

கண்டுபிடித்தவருக்கு ஆலோசனை சொல்லும் உரிமை தானாகவே வந்துவிடுகிறது. "அண்ணே, பக்கத்து அறை சும்மாதானே பூட்டிக் கிடக்கு? எடுத்துப் போடுங்க." எடுத்துப் போட்டார். "படம் போட்ட மெனு அடிங்க." அடித்தார். தாமே கவிழ்த்து வைக்கப்போகும் அட்டையை எதற்காக அடிக்கச் சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. "லைட் வெச்ச போர்டு ஒண்ணு மாட்டுங்கண்ணே, அந்த முனையிலிருந்தே தெரியணும்." மாட்டினார். தெரிந்தது.

அந்தச் சதுரத் திறப்பின் வழியாக ஒரு குரல் மட்டும் ஒத்துப்போகவில்லை.

"ஏங்க, அவரு சொல்றாருன்னு ரூமை எடுத்தீங்க. அடுப்பு ஒண்ணுதானே இருக்கு? அதையும் அவரே வந்து ஊதுவாராமா?"

"சும்மா இரும்மா. படிச்சவரு, நம்ம நல்லதுக்குத்தான் சொல்றாரு."

"நல்லது சொல்றவரு நம்மளைப் பாத்துச் சொல்லணும்ங்க. அவரு பக்கத்துல உக்காந்திருக்கறவங்களைப் பாத்துல்ல சொல்றாரு!"

பலகை மாட்டியதும் விபரீதம் தொடங்கியது. வெளிச்சம் போட்ட பலகை ஊருக்கே தெரிந்தது; ஊருக்குத் தெரிந்தது புதிதாக வந்தவர்களுக்கும் தெரிந்தது. ஒரு காலையில் திசைகாட்டி, தாவரவியலுக்கு வந்த புதிய பெண்ணிடம் வழக்கம்போல நாற்காலி முதுகில் கை வைத்து, "ஒரு கடை இருக்கு, யாருக்கும் தெரியாது" என்று தொடங்கினார். அவள், "அந்த லைட் போர்டு கடைதானே சார்? போன வாரமே போயிட்டேனே! நீங்க போனதில்லையா?" என்றாள்.

நீங்க போனதில்லையா! அதுவும் அவரைப் பார்த்து!

அன்று மதியம் சூப்பில் ஏதோ குறைந்துவிட்டது. அவர் ஒரு கரண்டி எடுத்தார். கண்ணை மூடினார். கரண்டியைக் கிண்ணத்தின் விளிம்பில் மெல்லச் சாய்த்துவைத்துவிட்டு, மேசையிலிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, இழவு வீட்டுக் குரலில் சொன்னார்:

"முன்ன மாதிரி இல்ல."

ஒரு கடையை மூடுவதற்கு அதிகாரிகளுக்குச் சட்டம், பிரிவு, முத்திரை எல்லாம் வேண்டும். இவருக்கு மூன்று சொற்கள் போதும். அதே பாத்திரம், அதே கை, அதே பக்குவம். அன்று நானும் குடித்தேன், தொட்டிக்குப் பக்கத்தில். என்ன பயன்? மேசையில் இருந்தவர்களுக்குச் சட்டென்று நாக்கில் தெளிவு பிறந்துவிட்டது. "ஆமா சார், நானே சொல்லலாம்னு இருந்தேன்." "தண்ணியா இருக்கு." "கூட்டம் வந்தாலே இப்படித்தான் சார், மெத்தனம் வந்துடும்." கூட்டத்தைக் கூட்டிவந்தவரும் அதற்குத் தலையாட்டினார். ஒரு வாரத்தில் எல்லோரும் மேம்பாலத்துக்குக் கீழே வேறு ஒரு புதுக் கண்டுபிடிப்புக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

இரண்டு அறை நாற்காலிகள். உட்கார நான் ஒருவன். சன்னலோர மேசை எனக்குத் திரும்பக் கிடைத்தது. அங்கே உட்கார மனம் வரவில்லை.

ஒரு பிற்பகல் கடைக்காரர் நாற்காலிகளை மேசைகள்மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கடையை மூடிவிட்டு, தம்முடைய அண்ணனிடம் போய்க் கிடங்கில் காவலுக்கு நிற்பதாகப் பேச்சு நடந்திருந்தது.

"என் கைதான் கெட்டுப்போச்சோ?" என்று உள்ளேயிருந்து கேட்டார் அந்தம்மா. அதட்டல் இல்லாத அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. "அண்ணே, நீங்க சொல்லுங்க. நெசமாவே முன்ன மாதிரி இல்லையா?"

"முன்ன மாதிரியேதாம்மா இருக்கு" என்றேன். "எனக்குத் தெரியாதா?"

உள்ளே ஒரு பாத்திரம் ணங்கென்று இறங்கியது. பிறகு பழைய குரல் திரும்பியது.

"அப்ப எதுக்குங்க மூடணும்? முன்னாடி ரெண்டு ரூமையும் விட்டுத் தொலைங்க. அந்த போர்டையும் கழட்டுங்க. அடுப்படி இருக்கு, பின்னாடி வெங்காயம் போட்டு வெக்கிற கொட்டாய் இருக்கு. நாலு பெஞ்சு போடுவோம். வர்றவங்க சந்து வழியா வரட்டும்."

"சந்து வழியா யாரும்மா வருவாங்க? குப்பைத் தொட்டி இருக்கு, டயர்க்கடை இருக்கு..."

"வயிறு இருக்கறவங்க வருவாங்க."

அப்படித்தான் செய்தார்கள். முன்பக்கத்துக்குக் கைப்பேசி உறை விற்பவர் ஒருவர் வந்தார். பின்பக்கத்தில் பலகை இல்லை, படம் போட்ட அட்டை இல்லை, கதவு என்று சொல்லத்தக்கதும் இல்லை. டயர்க்கடை ஆட்கள் வந்தார்கள், சலவைக்கடைக்காரர் வந்தார், நான் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிழைப்பு இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

பிறகு அந்த நாள் வந்தது. திசைகாட்டியின் வண்டிச் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. டயர்க்கடையில் வண்டியை விட்டார், காத்திருந்தார், சந்துக்குள்ளிருந்து மணம் வந்தது. மூக்கை முன்னே நீட்டிக்கொண்டு, குப்பைத் தொட்டியைச் சுற்றிக்கொண்டு, தலையைக் குனிந்து கொட்டகைக்குள் நுழைந்தார். கடைக்காரர் கையில் தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றுவிட்டார். சிரிப்பதா, திரும்பிக்கொள்வதா என்று தெரியாத முகம். நான் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்தேன்.

அவர் உட்கார்ந்தார். அந்தம்மாவே கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். அதே கிண்ணம், விளிம்பில் அதே கீறல். ஒரு வாய் குடித்தார். கரண்டி கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"அம்மா... இது எத்தனை நாளா இங்க இருக்கு?"

"இருக்குங்க சார், ரொம்ப நாளா."

"இந்த மாதிரி ஒரு சூப்பு நான் குடிச்சதே இல்ல! முன்பக்கத் தெருவுல ஒருத்தன் கடை வெச்சிருந்தான். நான்தான் கண்டுபிடிச்சேன். நல்லாத்தான் ஆரம்பிச்சான். லைட் வெச்ச போர்டெல்லாம் மாட்டிக் கெடுத்துக்கிட்டான். அவனெல்லாம் இங்க வந்து உங்ககிட்டக் கத்துக்கணும்!"

கடைக்காரர் வாயைத் திறந்தார்: "சார், நாங்கதான்..." அந்தம்மா அவருடைய காலை மிதித்ததை நான் மூட்டைக்குப் பக்கத்திலிருந்து தெளிவாகப் பார்த்தேன்.

"அப்படிங்களா சார்? யாரு சார் அந்த ஆளு?"

"பேரெல்லாம் யாரு கேட்டா! ஆனா எனக்கு ரொம்ப வேண்டியவன். என் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி."

கூடப்பிறந்த அண்ணன் மாதிரி இருந்தவர் அவருடைய டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். திசைகாட்டி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அருகில் உட்காரவைத்துக் காட்ட யாரும் இல்லாததால், வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, ஒரு போர்டு மட்டும் வெச்சீங்கன்னா..." என்று ஆரம்பித்தார்.

இங்கேதான் நான் அந்தம்மாவின் அறிவுக்குத் தலைவணங்குகிறேன். குரலைத் தாழ்த்தி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"போர்டெல்லாம் வேணாம் சார். உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்சவங்க வந்தாப் போதும். தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அவர் எழுந்து நின்றார். நெஞ்சில் கை வைத்தார். பதவிப் பிரமாணம் எடுப்பவரின் குரலில், "என் மூச்சுல வராது" என்றார். பின்பு டயர்க்கடையின் வாசலைத் தாண்டுவதற்குள் கைப்பேசியை எடுத்தார். ஆனால் குழுவில் போடவில்லை. ஒருவருக்கு மட்டும் அனுப்பினார். அதைப் பெற்றவர் பெரிய மனத்தோடு எனக்கும் காட்டியதால் படி எடுத்துவைத்தேன்: "கண்டுபிடித்துவிட்டேன். இப்படி ஒரு சூப் இந்த வட்டாரத்திலேயே கிடையாது. யாரிடமும் சொல்லாதே." பழைய செய்திக்கு அடுத்த தாளாக அது கோப்பில் இருக்கிறது. கடைசி வாக்கியத்தைத் தவிர வேறுபாடு இல்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அந்தக் கடையின் உயிர் இருக்கிறது. அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக, காதோரம் குனிந்து, சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அழைத்து வருகிறார். வந்தவர் ஒவ்வொருவரும் வேறொருவரை அதே முறையில் அழைத்து வருகிறார். ஆனால் வளாகத்துக்குள் அந்தக் கடையின் பேச்சை எடுத்தால் எல்லோரும் கூரையைப் பார்க்கிறார்கள். "சந்துக்குள்ளயா? கடையா? தெரியலையே!" ஆக, திசைகாட்டி யாரிடம் போய் "யாருக்கும் தெரியாத ஒரு கடை" என்று தொடங்கினாலும், "போன வாரமே போயிட்டேனே" என்று சொல்ல இனி ஒரு வாய் இல்லை. அவர் வாழ்நாள் முழுவதும் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கலாம். பெஞ்சுகள் நிறைந்தே இருக்கின்றன, பிதுங்குவதில்லை. சூப்பில் இதுவரை எதுவும் குறையவில்லை. கிடங்குக் காவல் வேலை வேறு யாருக்கோ போய்விட்டது.

சென்ற வாரம் அவர் நூலகத்தின் அடித்தளத்துக்கே இறங்கி வந்தார். என் நாற்காலியின் முதுகில் கை வைத்தார்.

"மதியம் எங்க சாப்பிடறீங்க?"

நான் என்ன சொல்ல? "குறிப்பா எங்கயும் இல்ல சார்" என்றேன். துருப்பிடித்த மிதிவண்டிகளையும் வளைந்த கம்பியையும் தாண்டி, அவருக்கு இரண்டடி பின்னால் நடந்தேன். "வந்தாச்சு" என்றார்; வரவில்லை. கடைசியில் கொட்டகைக்குள் குனிந்து நுழைந்து, வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில், அதாவது என் இடத்தில், என்னை உட்காரவைத்தார். நான் எதுவும் கேட்குமுன் அந்தம்மா சூப்பைக் கொண்டுவந்து வைத்தார், கூடவே ஒரு தட்டில் ரொட்டியின் காய்ந்த ஓரங்களை. கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திசைகாட்டி என் விலாவில் இடித்தார்.

"பாத்தீங்களா? என்கூட வந்தா கவனிப்பே தனி. எப்படி இருக்கு?"

"முன்ன மாதிரியே இருக்கு சார்" என்றேன்.

"நான் சொல்லல?" என்றார்.

வாசகரே, இவ்வளவு நேரம் அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள், மகிழ்ச்சி. இப்போது ஒரு சிறு சோதனை. இத்தனை பக்கங்களிலும் நான் அந்தம்மாவின் முகத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் நெட்டையா குட்டையா, சிரித்தால் எப்படி இருப்பார் என்று உங்களுக்கு ஒருமுறையாவது கேட்கத் தோன்றியதா? அல்லது அந்தச் சந்து எங்கே இருக்கிறது, எந்த வழியாகப் போகவேண்டும், யாரை முதலில் அழைத்துப் போகலாம் என்றுதான் மனம் ஓடிக்கொண்டிருந்ததா?

இரண்டாவது என்றால் சங்கடப்பட வேண்டாம். வழியை நான் சொல்லப்போவதில்லை. நானும் சத்தியம் செய்துகொடுத்தவன். ஆனால் வரும்போது தலையைக் குனிந்து வாருங்கள், வாசல் தாழ்வு. உள்ளே வந்ததும் நிமிர்ந்து, கிண்ணம் கொண்டுவந்து வைப்பவரின் முகத்தை ஒருமுறை பாருங்கள். அவர் உங்களை முன்பே, அந்தச் சதுரத் திறப்பு வழியாக, பார்த்திருக்கிறார்.